எலும்புக்குள் ராடு உடைந்துவிட்டால்: எப்போது எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள்?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் வழுக்கும் தரையில் ஐஸ் பெட்டி இழுக்கிறவர்கள், மணலி பக்கம் உயரத்தில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர்கள், வியாசர்பாடி மைதானங்களில் பந்து ஆடும் பையன்கள் என்று வட சென்னையில் எலும்பு முறிவுக்கான வாய்ப்புக்குப் பஞ்சமே இல்லை. அதனால் "எனக்குக் கால்ல ராடு வச்சிருக்கு", "கையில பிளேட் இருக்கு" என்று சொல்கிறவர்களை இங்கே சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எலும்பு ஒழுங்காகக் கூடி, அந்த உலோகம் உள்ளே இருப்பதே மறந்துபோகும்.

சிலருக்கு மட்டும் அப்படி நடப்பதில்லை. சில மாதம் கழித்து வலி திரும்ப வரும், எக்ஸ்ரே எடுப்பார்கள், டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "உள்ளே வச்சது உடைஞ்சிருக்கு" என்பார். கேட்டவுடன் வீட்டில் எல்லோருக்கும் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ சார் வெளியே எடுப்பீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: "எலும்பு கூடியிருக்கா, இல்லையா?" சிகிச்சை எந்தப் பக்கம் போகும் என்பதை இந்தக் கேள்விக்கான பதில்தான் முடிவு செய்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

முறிந்த எலும்பைத் தானாக ஒட்ட வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அதைச் சுற்றி மென்மையான புதுத் திசு வளர்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிறது. அதுவரை முறிந்த இரண்டு முனைகளும் சரியான இடத்தில், அளவுக்கு மீறி ஆடாமல் இருக்க வேண்டும். சில முறிவுகளுக்கு மாவுக்கட்டே போதும். மாவுக்கட்டால் பிடித்து வைக்க முடியாத முறிவுகளுக்குத்தான் உலோகம்.

நீண்ட எலும்புகளின் நடுவில் இருக்கும் மஜ்ஜைக் குழாய்க்குள் நீளவாக்கில் செலுத்துவது நெயில். பேச்சு வழக்கில் இதைத்தான் ராடு என்கிறோம். தொடை எலும்பு, கெண்டைக்கால் எலும்பு முறிவுகளில் இதுதான் அதிகம். எலும்பின் மேல் பட்டையாக வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவது பிளேட். முன்கை, கணுக்கால், மூட்டுக்கு அருகே உள்ள முறிவுகளில் இது அதிகம். விரல், மணிக்கட்டு போன்ற சின்ன எலும்புகளுக்கு மெல்லிய கம்பிகள். எல்லாமே ஒன்று துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், இல்லாவிட்டால் டைட்டானியம் கலவையாக இருக்கும்.

"உள்ளேயே துருப்பிடிச்சிடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் எஃகு பிளேட் வைத்துப் பார்த்தபோது அது உடலுக்குள் அரித்துப்போனது உண்மை. அதற்குப் பிறகு உலோகக் கலவைகள் வெகுவாக மாறிவிட்டன. 1939-இல் ஜெர்மனியில் குன்ட்ஷர் தொடை எலும்புக்குள் நெயில் செலுத்தத் தொடங்கினார். 1958-இல் சுவிட்சர்லாந்தில் எலும்பு மருத்துவர்கள் சிலர் கூடி, பிளேட்டையும் ஸ்க்ரூவையும் ஒரே அளவு முறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று வைக்கும் உலோகம், உடையாமல் இருக்கும் வரை, ஆயுள் முழுக்க உள்ளேயே கிடந்தாலும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது.

இரும்பு எப்படி உடையும்?

"மனுஷன் எலும்பே உடையாம இருக்கு, இரும்பு எப்படி சார் உடையும்?" என்று கேட்பவர்களின் திகைப்பு எனக்குப் புரிகிறது. கட்டட வேலையில் பயன்படும் கட்டுக்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் அதை அறுக்க முடியாது. ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பட்டென்று முறிந்துவிடும். பிளேட்டும் நெயிலும் பெரும்பாலும் இப்படித்தான் உடைகின்றன. ஒரு பெரிய அடியில் இல்லை. லட்சக்கணக்கான சின்னச் சின்ன வளைவுகளில்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒருவர் நாளொன்றுக்கு 5,000 தடவை காலடி எடுத்து வைத்தால் ஒவ்வொரு காலும் 2,500 தடவை தரையில் ஊன்றுகிறது. மாதத்துக்கு 75,000. நான்கு மாதத்துக்கு 3 லட்சம். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் உலோகம் கண்ணுக்கே தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. எலும்பு கூடக் கூட, அந்தச் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு தன் மேல் வாங்கிக்கொள்கிறது. உலோகத்துக்கு வேலை குறைகிறது. எலும்பு கூடவே இல்லை என்றால் முழுச் சுமையும் மாதக்கணக்கில் உலோகத்தின் மேலேயே விழும். எலும்பு முந்துமா, உலோகம் களைத்துப்போகுமா என்பதுதான் உள்ளே நடக்கும் போட்டி. கடைசி வரை தாங்க வேண்டும் என்று எந்த பிளேட்டும் செய்யப்படுவதில்லை. எலும்பு கூடும் வரை தாங்க வேண்டும் என்றுதான் செய்யப்படுகிறது.

ஆகவே பிளேட் உடைந்திருப்பது பல நேரம் ஒரு அறிகுறி. எலும்பு கூடாமல் இருந்ததால் பிளேட் உடைந்தது என்பதே பெரும்பாலும் உண்மைக் கதை. பிளேட் உடைந்ததால் எலும்பு கூடவில்லை என்று நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம்.

எலும்பு கூடாமல் போக என்ன காரணம்? முறிவின்போதே எலும்பு பல துண்டாகச் சிதறி, சுற்றியுள்ள சதையும் ரத்த ஓட்டமும் கெட்டுப்போயிருக்கலாம். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த முறிவுகளில் இது சகஜம். லாரிச் சக்கரம் ஏறிய கால்களில் கேட்கவே வேண்டாம். கிருமித் தொற்று இருக்கலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பீடி, சிகரெட் எல்லாமே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகின்றன. பீடியை நிறுத்தச் சொன்னால் "அதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது: முறிந்த இடத்துக்குப் போகும் ரத்தத்தை அது குறைக்கிறது. சில சமயம் வைத்த பிளேட்டின் நீளமோ கனமோ அந்த முறிவுக்குப் போதாமல் இருந்திருக்கலாம். உலோகத்திலேயே தயாரிப்புக் குறை இருப்பதும் உண்டு, ஆனால் அது அரிது. "விலை கம்மியானதைப் போட்டுட்டாங்க, அதான் உடைஞ்சிச்சு" என்று உடனே முடிவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எலும்பு கூடாவிட்டால் விலை உயர்ந்த டைட்டானியமும் உடையும்.

அப்புறம், சீக்கிரமே முழுப் பாரம் ஊன்றுவது. கொருக்குப்பேட்டையில் இருக்கும் 35 வயது லோடுமேன் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கெண்டைக்கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தாயிற்று. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. வீட்டில் வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வாங்கிய கடன். ஆறாவது வாரம் வலி குறைந்தவுடன் வேலைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வலி குறைந்ததால் எலும்பு கூடிவிட்டது என்று நினைப்பது இயல்பு. பிளேட் இறுக்கிப் பிடித்திருப்பதாலும் வலி குறையும் என்று யாராவது அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு "ஓய்வெடுங்க" என்பது மட்டும் போதாது. எந்த வேலை செய்யலாம், எது கூடாது, எத்தனை கிலோ வரை காலில் ஊன்றலாம் என்று திட்டவட்டமாகச் சொன்னால்தான் அவரால் கடைப்பிடிக்க முடியும். எடை பார்க்கும் மெஷின் மேல் அடிபட்ட காலை வைத்து, 15 கிலோ, 20 கிலோ என்றால் எவ்வளவு அழுத்தம் என்று பழக்கிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் கற்றுத் தருவார்.

உடைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே "டக்"கென்று சத்தம் கேட்டு, உடனே கடும் வலி வரும், கால் வளைந்துவிடும். வேறு சிலருக்கு வலி மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். ஊன்றினால் வலிக்கும், படுத்தால் குறையும். ஸ்க்ரூ தளர்ந்து தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கலாம். தையல் போட்ட இடத்தில் சின்னத் துளை விழுந்து நீர் கசியலாம். எந்தத் தொந்தரவுமே இல்லாமல் வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தெரிய வருவதும் உண்டு.

இந்த நிலையில் தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவி விடவோ இழுத்துக் கட்டவோ போகாதீர்கள். நம் பக்கம் புத்தூர் கட்டு மேல் பலருக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் குத்திப் பேசுவது என் நோக்கமில்லை. உள்ளே உடைந்த உலோகத்தின் முனை இருக்கும்போது வெளியிலிருந்து இழுத்தாலோ அழுத்தினாலோ அது பக்கத்தில் இருக்கும் நரம்பையும் ரத்தக் குழாயையும் கிழித்துவிடக்கூடும். அதுதான் பயம்.

டாக்டர் முதலில் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் குறைந்தது மூன்றில் எலும்புப் பாலம் போட்டிருந்தால் பொதுவாகக் கூடியதாக எடுத்துக்கொள்வார்கள். உலோகம் மறைத்துக்கொண்டு சந்தேகமாக இருந்தால் சி.டி. ஸ்கேன். கூடவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள்.

இங்கிருந்து பாதை பிரிகிறது.

எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, உலோகம் மட்டும் உடைந்திருக்கிறது, தொந்தரவும் இல்லை என்றால், பல நேரம் எடுக்கவே வேண்டாம். நெயிலைப் பூட்டி வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ ஒன்று உடைந்திருப்பது இதற்கு நல்ல உதாரணம். அது உடைந்ததால் எலும்பு முனைகள் இன்னும் நெருங்கி, எலும்பு நன்றாகவே கூடியிருக்கும். ஒரு வேலையும் செய்யாமல் உள்ளே கிடக்கும் ஸ்க்ரூவை எடுக்க மயக்க மருந்து, வெட்டு, தையல் என்று போவதில் பெரியவர்களுக்கு லாபம் குறைவு. முட்டுகிறது, வலிக்கிறது, செருப்பு போட முடியவில்லை, தரையில் மண்டியிட முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அப்போது எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு வைக்கும் வளையும் நெயில்களை மட்டும், உடையாவிட்டாலும் கூட, எலும்பு கூடிய பிறகு பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் எடுத்துவிடுவது வழக்கம். வளரும் எலும்பு உலோகத்தை மூடிவிட்டால் பிறகு எடுப்பது சிரமம்.

எலும்பு கூடவில்லை, உலோகமும் உடைந்திருக்கிறது என்றால், எடுப்பது பாதி வேலை மட்டுமே. கூடாத எலும்பைத் திரும்ப நிலைநிறுத்தி, கூடுவதற்கு வழி செய்ய வேண்டும். பழைய நெயிலை எடுத்துவிட்டு, மஜ்ஜைக் குழாயைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்து, இன்னும் தடிமனான நெயிலைப் போடுவது ஒரு முறை. குடையும்போது வரும் எலும்புத் தூளே முறிந்த இடத்தில் புது எலும்பு வளரத் தூண்டுகிறது. பிளேட் என்றால் புது பிளேட்டோடு, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி எடுத்து முறிந்த இடத்தில் வைப்பார்கள். "கால்லதானே ஆபரேஷன், இடுப்புல ஏன் வெட்டினாங்க?" என்று பிறகு பதறாமல் இருக்க, இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொற்று இருந்தால்

இது மூன்றாவது பாதை, இதுதான் நீளமானது. உலோகத்தின் மேல் கிருமிகள் குடியேறினால் தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. அதனால்தான் மாத்திரை போட்டால் சீழ் நிற்பதும், நிறுத்தினால் திரும்ப வருவதுமாக மாதக்கணக்கில் இழுக்கும். மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இந்த இடத்தில் பெரிய கெடுதல் செய்கிறது. எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க ஆபரேஷனின்போது உள்ளேயிருந்து பல இடங்களில் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மாத்திரை போட்டுக்கொண்டே வந்தால் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகும்.

உடைந்த உலோகத்தையும் செத்த எலும்பையும் எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, வெளியே கம்பிச் சட்டம் மாட்டி எலும்பைப் பிடித்து வைப்பார்கள். ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் உருண்டைகளை உள்ளே வைப்பதும் உண்டு. வாரக்கணக்கில் மருந்து. தொற்று அடங்கிய பிறகுதான் இரண்டாவது ஆபரேஷனில் எலும்பு சேர்க்கும் வேலை. ஆக, ஒரே ஆபரேஷனில் முடியவில்லையே என்று குடும்பம் உடைந்துபோக வேண்டாம்; முதலிலேயே இரண்டு கட்டமாகத் திட்டமிட்டதுதான் அது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தொற்று இருந்தாலும் பிளேட் உடையாமல் எலும்பை உறுதியாகப் பிடித்திருந்தால், எலும்பு கூடும் வரை சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, பிளேட்டை விட்டு வைப்பதும் உண்டு. ஆடும் எலும்பில் தொற்று அடங்குவது இன்னும் கடினம் என்பதே காரணம்.

அந்தப் பழைய காகிதம்

ஆபரேஷனுக்கு முன் நீங்கள் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம், முதல் ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுப்பது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

எல்லா ஸ்க்ரூவுக்கும் ஒரே ஸ்க்ரூடிரைவர் கிடையாது. 3.5 மி.மீ. சாதாரண ஸ்க்ரூவின் தலையில் 2.5 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும், 4.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ. குழி. சில கம்பெனிகள் நட்சத்திர வடிவக் குழி வைக்கின்றன. நெயிலை வெளியே இழுக்க அதன் மேல் முனையில் ஒரு போல்ட்டைத் திருகி மாட்ட வேண்டும். அந்தப் போல்ட்டின் மரை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எந்தக் கம்பெனி, எந்த அளவு, எஃகா டைட்டானியமா என்று தெரிந்தால் சரியான செட்டை முன்கூட்டியே வரவழைக்கலாம். தெரியாவிட்டால் எக்ஸ்ரேயைப் பார்த்து யூகித்து, இரண்டு மூன்று செட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ அந்த உலோகத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதில் எல்லா விவரமும் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் மழைத் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரையோரம் வைத்த காகிதங்கள்தான். போனில் ஒரு படம் எடுத்து, அதை இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எலும்பு முன்னேறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும்.

மற்றபடி வழக்கமான தயாரிப்புகள்தான்: சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் அதை முன்பே சொல்வது, சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிற்றோடு இருப்பது.

தியேட்டருக்குள் நடப்பது

காலுக்கு என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். கைக்கு என்றால் அந்தக் கைக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், அல்லது முழு மயக்கம். பல இடங்களில் ரத்தம் அதிகம் வராமல் இருக்க மேலே ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடிப்பார்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை விட்டுவைக்க மாட்டார்கள். பக்கத்தில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி நிற்கும். திரையில் பார்த்தபடியே வேலை செய்வார்கள்.

முடிந்தவரை பழைய தழும்பின் மேலேயே வெட்டுவார்கள். ஆனால் உள்ளே எல்லாம் முதல் தடவை போல இருக்காது. சதையும் தழும்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். நரம்பு தன் வழக்கமான இடத்திலிருந்து நகர்ந்து, தழும்புக்குள் சிக்கியிருக்கலாம். மேற்கை எலும்பின் பிளேட்டை எடுக்கும்போது, மணிக்கட்டைத் தூக்க வைக்கும் நரம்பு அதன் குறுக்கே போவதால் அங்கே மிகுந்த கவனம் தேவை. "வைக்கிறதைவிட எடுக்கிறது சுலபம்தானே" என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிளேட் தெரிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையின் குழிக்குள்ளும் வளர்ந்திருக்கும் திசுவைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் குழி சுத்தமாக இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் திருகினால் தலை மழுங்கிவிடும். மழுங்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும். பிளேட்டோடு மரை போட்டுப் பூட்டும் வகை ஸ்க்ரூக்களில், முதலில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஸ்க்ரூவோடு சேர்ந்து பிளேட்டே சுழன்று பக்கத்துச் சதையைக் கிழித்துவிடும். டைட்டானியம் பிளேட்டிலும் ஸ்க்ரூவிலும் இந்த மரைகள் சில சமயம் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

தலை மழுங்கிவிட்டால் அடுத்த ஆயுதம் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர். இதன் மரை எதிர்ப்பக்கமாக, இடப்புறம் சுழலும்படி இருக்கும். அதை மழுங்கிய குழிக்குள் அழுத்தி இடப்பக்கம் திருகத் திருக, அது இறுகிக்கொண்டே போகும். அதே திருகலில் ஸ்க்ரூ வெளியே வரும். அதற்கும் மசியாவிட்டால், கடினமான கார்பைடு டிரில்லால் ஸ்க்ரூவின் தலையையே குடைந்து எடுத்துவிட்டுப் பிளேட்டை விடுவிப்பார்கள், அல்லது பிளேட்டையே அறுப்பார்கள். அப்போது உலோகத் தூள் பறக்கும். அது சதையில் தங்காமல் இருக்கச் சுற்றிலும் ஈரத் துணி வைத்து, உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே வேலை செய்து, கடைசியில் நன்றாகக் கழுவுவார்கள். சூட்டில் எலும்பு வெந்துவிடாமல் இருக்கவும் அந்த நீர் வேண்டும்.

ஸ்க்ரூவே எலும்புக்குள் முறிந்திருந்தால், உள்ளே புதைந்த துண்டை எடுக்கக் குழாய் போன்ற பற்கள் வைத்த டிரில் ஒன்று இருக்கிறது. துண்டைச் சுற்றி வளையமாக எலும்பைக் குடைந்துகொண்டு இறங்கி, துண்டைக் கவ்வி எடுக்கும். விலை என்னவென்றால், அந்த வளையம் அளவுக்கு நல்ல எலும்பு போகிறது. அதனால் தொற்று இல்லை, புது பிளேட்டுக்கு இடைஞ்சலாகவும் இல்லை என்றால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுவது நல்ல தீர்மானம். "துண்டை உள்ளேயே விட்டுட்டாங்க" என்று பிறகு தெரிந்து அதிர்ச்சியடைகிறவர்கள் உண்டு. இப்படி நேரலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுவது டாக்டரின் கடமை. கேட்பது நம் உரிமை.

உடைந்த நெயில் இன்னும் கடினம். நெயில் பெரும்பாலும் ஸ்க்ரூ போகும் துளையின் அருகே, முறிந்த எலும்புக்குப் பக்கத்தில் உடையும். மேல் துண்டில் போல்ட்டை மாட்டிச் சுத்தியலால் தட்டி இழுத்துவிடலாம். கீழ்த் துண்டு எலும்புக் குழாயின் ஆழத்தில், பிடிக்க இடமே இல்லாமல் கிடக்கும். நெயில் நடுவில் துளையுள்ளதாக இருந்தால், அந்தத் துளை வழியாக நீண்ட கொக்கியைச் செலுத்தி, கீழ் முனைக்கு அப்பால் கொண்டுபோய்த் திருப்பி, மாட்டி இழுப்பார்கள். இன்னொரு வழி, முனையில் குண்டு வைத்த கம்பியையும் இன்னொரு மெல்லிய கம்பியையும் சேர்த்து உள்ளே செலுத்தி, இரண்டும் நெரிந்து சிக்கிக்கொள்ளும்போது இழுப்பது. தொடை எலும்பு என்றால் சில சமயம் முழங்கால் பக்கமிருந்து ஒரு சின்னத் துளை போட்டுக் கீழிருந்து மேலே தள்ளுவதும் உண்டு. நடுவில் துளையில்லாத கட்டி நெயிலாக இருந்தால், எலும்பில் சின்ன ஜன்னல் வெட்ட வேண்டியும் வரலாம். எவ்வளவு நேரமாகும் என்று முன்பே உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னால் அவர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். நேர்மையாகச் சொல்கிறார்.

எடுத்த பிறகு

எலும்பு கூடிய நிலையில் நெயிலை மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். பிளேட் எடுத்தால் கதை வேறு. ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் துளை. துளை நிரம்பும் வரை அந்த எலும்பு முறுக்கு விசையைத் தாங்காது. அதனால் நடக்க அனுமதித்தாலும், பாரம் தூக்குவது, ஓடுவது, பந்து விளையாடுவது எல்லாம் மூன்று நான்கு மாதத்துக்குக் கூடாது என்பார்கள். வெளியே தையல் ஆறிப்போனதைப் பார்த்து மைதானத்துக்கு ஓடும் பையன்களைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். முன்கை எலும்பில் பிளேட் எடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடி முறிவது நன்கு அறியப்பட்ட ஆபத்து; தொந்தரவு இல்லாவிட்டால் முன்கை பிளேட்டை எடுக்காமலே விடுவதற்கு அதுதான் காரணம்.

எலும்பு கூடாமல் புது நெயிலோ பிளேட்டோ வைத்திருந்தால், கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. எவ்வளவு ஊன்றலாம் என்பதை ஒவ்வொரு எக்ஸ்ரேயும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

எடுத்த உலோகத்தை உங்களிடம் கொடுக்கும்படி கேட்கலாம். தயாரிப்புக் குறையால் உடைந்ததாகச் சந்தேகம் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, மருத்துவமனை வழியாக அதற்குத் தெரிவிக்கலாம்.

எங்கே போவது என்ற கேள்விக்கு: ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் எலும்பு முறிவுப் பிரிவு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. தனியார் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் அடங்குமா என்று அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். "உடைந்த உலோகத்தை எடுப்பது" மட்டுமா, "எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதும்" சேர்த்தா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு ஆபரேஷன்கள், செலவும் வேறு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் வாங்க வேண்டியது: என்ன எடுத்தார்கள், என்ன உள்ளே இருக்கிறது, புதிதாக வைத்ததன் கம்பெனியும் அளவும் என்ன என்று எழுதிய சம்மரி. துண்டு ஏதாவது விட்டிருந்தால் அது எந்த இடம் என்பதும் அதில் இருக்கட்டும், பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அங்கே உள்ளவர்களிடம் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், தையலில் கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி, விரல்கள் மரத்துப்போவது, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி இறுகுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.